பதினைந்து வயதுக் கண்ணீர்: ஜப்பானியப் பிரிவுப் பாடல்கள் உண்மையா, ஒத்திகையா?

முட்டுக்கட்டை:
மார்ச் மாதம் வந்தால் போதும், ஜப்பானியப் பள்ளிகளின் நிறைவு விழாக் காணொளிகள் வரிசைகட்டி வந்துவிடுகின்றன. சீருடையில் நூறு பிள்ளைகள், ஓரத்தில் ஒரு பியானோ. இரண்டாவது சரணத்தில் முன்வரிசைப் பெண் விசும்பத் தொடங்குகிறாள், பின்வரிசை பின்தொடர்கிறது. அதைப் பார்த்து நம் ஆட்களும் அழுவதாக எழுதுகிறார்கள். எனக்கு வருவது சந்தேகம்தான். எல்லாம் ஒரே அச்சில் வார்த்த பாடல்கள்: மெல்லிய பியானோ, உதிரும் செர்ரிப்பூ, கடைசிப் பல்லவியில் சுருதியை ஒரு படி ஏற்றுவது. வெங்காயம் நறுக்கினாலும் கண்ணீர் வரும். அதற்காக வெங்காயத்தை மகாகவி என்போமா?

தம்புரா:
வெங்காயம் யார் நறுக்கினாலும் கண்ணீர் வரும். பாட்டு அப்படியில்லை. ‘ஹோதரு நோ ஹிகரி’, அதாவது மின்மினியின் ஒளி என்ற பாட்டு, 1881 முதல் அங்கே பள்ளிப் பாட்டு. மெட்டு ஸ்காட்லாந்தின் ‘ஆல்ட் லாங் சைன்’. ஸ்வரப்படுத்திப் பாருங்கள்: மத்யமமும் இல்லை, நிஷாதமும் இல்லை. நம் மோகனத்தின் ஸ்வரங்கள். நமக்கு அது மங்கலம், அவர்களுக்குப் பிரிவு. இன்னொன்றும் உண்டு. அதே மெட்டை மூன்று தட்டு வால்ட்ஸ் நடையில் மாற்றி, ஜப்பானியக் கடைகளில் இரவு கடை மூடும் நேரத்தில் ஒலிக்கவிடுகிறார்கள். அதைக் கேட்டு எவரும் அழுவதில்லை, கூடையோடு பில் போடும் இடத்துக்கு ஓடுகிறார்கள். கண்ணீர் மெட்டில் இருந்தால் கடைவாசலிலும் அல்லவா வர வேண்டும்?

முட்டுக்கட்டை:
நன்றி, என் வழக்கை நீங்களே வாதாடிவிட்டீர்கள். மெட்டில் இல்லையென்றால் சடங்கில் இருக்கிறது. ‘அவோகெபா தோதோஷி’ என்று 1884-இல் வந்த பாட்டு, ஆசிரியரின் அருளைப் போற்றுவது. தலைமுறை தலைமுறையாக அழுதிருக்கிறார்கள். 2011-இல் பார்த்தால் அதன் மெட்டு 1871-ஆம் ஆண்டின் ஓர் அமெரிக்கப் பாட்டுப் புத்தகத்தில் இருந்திருக்கிறது. கண்ணீர் உள்ளூர்ச் சரக்கு, மெட்டு இறக்குமதி! இந்தக் காலத்துக்கு வந்தாலும் அதே கதை. பாடகி ஏஞ்சலா அகியின் ‘தெகாமி’, பதினைந்து வயதுப் பிள்ளையின் கடிதம் என்று எல்லோரும் உருகும் பாட்டு, 2008-இல் ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.யின் பள்ளிச் சேர்ந்திசைப் போட்டிக்காக எழுதியது. நடுநிலைப் பள்ளிப் பிரிவுக்குக் கட்டாயப் பாடல். நடுவர் மதிப்பெண் போடுகிற பாட்டுக்கு நெஞ்சுருகுவது எப்படி என்று எனக்குப் புரியவில்லை.

வகுப்பறை:
நான் ஆசிரியை. ‘தெகாமி’ போட்டிக்காக எழுதிய பாட்டுதான், மறுக்கவில்லை. ஆனால் அது எங்கிருந்து வந்தது? ஏஞ்சலா அகி பதின்ம வயதில், வருங்காலத் தமக்கே ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். முப்பது வயதானபோது அவருடைய அம்மா அதை அவருக்கு அனுப்பிவைத்தார். பாட்டின் முதல் பாதியில் பிள்ளை எழுதுகிறது, யாரிடமும் சொல்ல முடியாத கவலை இருக்கிறது என்று. இரண்டாம் பாதியில் பெரியவராகிவிட்ட அதே பிள்ளை பதில் எழுதுகிறது. அந்தப் பதில் எனக்குப் பிடிக்கும். எல்லாம் சரியாகிவிடும் என்று அது சொல்வதில்லை. எனக்கும் தூக்கம் வராத இரவுகள் உண்டு என்கிறது. எந்தப் பெரியவர் பதினைந்து வயதுப் பிள்ளையிடம் அப்படி ஒப்புக்கொள்கிறார்? வகுப்பில் நானே ஒப்புக்கொண்டதில்லை.

வயதையும் கணக்கில் எடுங்கள். அங்கே கட்டாயக் கல்வி பதினைந்தோடு முடிகிறது. அதற்குப் பிறகு நுழைவுத் தேர்வு, ஆளுக்கொரு பள்ளி.

தம்புரா:
இடையில் ஒன்று. ரெமியோரோமென் இசைக்குழுவின் ‘மார்ச் 9’ பாட்டையும் இப்போது விழாக்களில் பாடுகிறார்கள். அது நண்பர் ஒருவரின் கல்யாணத்துக்காக எழுதியது!

முட்டுக்கட்டை:
ஒரு தொலைக்காட்சித் தொடரில் வகுப்பே சேர்ந்து அதைப் பாடிய காட்சியையும் சொல்லிவிடுங்கள். அதுவும் சரி. என் கேள்வி வேறு. மூன்று ஆண்டும் அந்த வகுப்பில் ஒதுக்கப்பட்டு, தனியாக மதிய உணவு சாப்பிட்ட ஒரு பையன் இருப்பான். அவனையும் வரிசையில் நிற்கவைத்து ‘நாம்’ என்று பாட வைக்கிறார்கள். நூறு பேர் அழும்போது அவன் அழாவிட்டால் கல்நெஞ்சன் என்ற பெயர் வேறு.

வகுப்பறை:
இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. அப்படிப்பட்ட பையனை எனக்குத் தெரியும்.

கவாசாகி அப்பா:
பல நாளாக வாசிக்க மட்டுமே செய்தேன், இன்று எழுதுகிறேன். என் மகள் கவாசாகியில் ஒரு நடுநிலைப் பள்ளியில் படித்தாள். விழாவில் பியானோ அவள்தான். பாட்டு ‘தபிடாச்சி நோ ஹி நி’, புறப்படும் நாளில். சைத்தாமா மாகாணத்தில் சிச்சிபு நகரத்து ககெமோரி நடுநிலைப் பள்ளியில், 1991-இல், ஓய்வுபெறவிருந்த தலைமையாசிரியர் கொஜிமா நொபோரு வரிகளை எழுத, இசை ஆசிரியை சகாமோதோ ஹிரோமி மெட்டமைத்தார். அந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் ஒரே ஒரு தடவை பாடிக் கொடுத்த பரிசு அது. நாடு முழுக்கப் பரவியது பிற்பாடு.

எங்கள் அடுக்ககத்தில் சுவர் மெல்லியது. மகள் மின்பியானோவில் ஹெட்போன் மாட்டிக்கொண்டுதான் பழகுவாள். மூன்று மாதம் எங்களுக்குக் கேட்டது கட்டைகள் அமுங்கும் டொக் டொக் ஓசை மட்டும். என் மனைவி அதைத் தட்டச்சு வகுப்பு என்பாள். பாட்டை நான் முதன்முதலில் கேட்டது விழா அன்றுதான். மார்ச் குளிர், உடற்பயிற்சிக் கூடம், வீட்டிலிருந்து பையில் கொண்டுபோன செருப்பைக் காலில் மாட்டி உட்கார்ந்திருந்தேன். அவள் வாசிக்கத் தொடங்கியதும் எனக்கு முதலில் கேட்டது அந்த டொக் டொக்தான். அதன்மேல் நூறு குரல் ஏறியது. ஒத்திகை எதுவும் பார்க்காமல்தான் அழுதேன், முட்டுக்கட்டை ஐயா.

முட்டுக்கட்டை:
உங்கள் கண்ணீரைச் சொல்லவில்லை. தந்தையின் கண்ணீர் வேறு கணக்கு.

வகுப்பறை:
அப்படியானால் ‘குன்ஜோ’ என்ற பாட்டை எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்? ஃபுகுஷிமாவில் மினாமிசோமா நகரின் ஒடாக்கா நடுநிலைப் பள்ளி. 2011 மார்ச் நிலநடுக்க, ஆழிப்பேரலைப் பேரழிவில் வகுப்புத் தோழர்கள் சிலர் இறந்தார்கள். அணுவுலை விபத்தால் ஊரே வெளியேற, மற்றவர்கள் நாடெங்கும் சிதறினார்கள். இசை ஆசிரியை ஜப்பான் வரைபடத்தில் பிள்ளைகளின் முகப்படங்களை அவரவர் போன இடத்தில் ஒட்டவைத்தார். ஒட்டும்போது, எவ்வளவு தூரம், ஆனாலும் வானம் ஒன்றுதானே என்று அவர்கள் முணுமுணுத்ததையெல்லாம் எழுதிவைத்து, பாட்டாகக் கோத்தார். 2013 மார்ச்சில் மிஞ்சியவர்கள் அதைப் பாடி விடைபெற்றார்கள். இதில் அச்சு எங்கே இருக்கிறது?

முட்டுக்கட்டை:
இந்த ஒன்றில் பின்வாங்குகிறேன். ஒடாக்காப் பிள்ளைகள் பாடியதில் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் அதே ‘குன்ஜோ’வை இன்று வேறு ஊர்ப் பள்ளிகள் பாடி அழுகின்றன. யாரும் தொலையாத ஊர்களில். அங்கே என் சந்தேகம் அப்படியே நிற்கிறது.

தம்புரா:
ஒப்பாரியும் அப்படித்தானே? ஊரான் சாவுக்குப் போய்த் தன் வீட்டுத் துக்கத்தை அழுதுவிட்டு வருவதில்லையா?

முட்டுக்கட்டை:
அதற்கு நாளை வருகிறேன். கவாசாகி அப்பா, ஒன்று கேட்கலாமா? பியானோ வாசித்த உங்கள் மகள் அழுதாளா?

கவாசாகி அப்பா:
இல்லை. தான் அழுதால் அவர்கள் பாட முடியாது என்றாள். எல்லோரும் வெளியே படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள், அவளைக் காணவில்லை. உள்ளே போய்ப் பார்த்தேன். காலிக் கூடத்தில் பியானோவின் உறையை இழுத்து மூலை மூலையாகச் சரிசெய்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், இரண்டு நிமிடம் கழித்து வாருங்கள் அப்பா என்றாள். நான் வெளியே வந்துவிட்டேன்.