மறு: ஒளிமரபியலா, ஒளிமரபணுவியலா?

வணக்கம்.

ஆப்டோஜெனிடிக்ஸ் (optogenetics, மரபணுவையும் ஒளியையும் சேர்த்து உயிரணுக்களை ஆராயும் நுட்பம்) என்பதற்குத் தமிழில் ‘ஒளிமரபியல்’ போதும், சுருக்கமாக இருக்கிறது என்று நேற்று நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். சுருக்கம்தான், மறுக்கவில்லை. ஆனால் மரபியல் என்றதும் மெண்டலும் பட்டாணியும், அப்பா மூக்கு பிள்ளைக்கு வருவதும்தானே நினைவுக்கு வருகின்றன? இங்கே யாரும் அதை ஆராயவில்லை. ஒரு மரபணுவை உயிரணுவுக்குள் வைத்துவிட்டு, வெளியிலிருந்து ஒளியடித்து அந்த உயிரணுவை வேலை வாங்குகிறார்கள், அவ்வளவுதான்.

எல்லோரும் மூளையையே உதாரணம் காட்டுவதால் நான் இதயத்துக்குப் போகிறேன். கிளாமிடோமோனாஸ் என்று ஒரு ஒற்றைச்செல் பாசி. வெளிச்சத்தை உணர்ந்து நீந்த அதற்கு உதவும் சேனல்ரோடாப்சின் என்ற புரதம், நீல ஒளி பட்டதும் திறந்து அயனிகளை உள்ளே விடும் ஒரு கதவு. 2010இல் ஜெர்மனியின் பான் நகர ஆய்வாளர்கள் இந்தப் பாசி மரபணுவைச் சுண்டெலியின் இதயத்தசையில் இயங்க வைத்தார்கள். (சுண்டெலிதான், வெறும் எலி அல்ல, இரண்டும் ஆய்வகத்தில் உண்டு, தயவுசெய்து குழப்ப வேண்டாம்.) நீல ஒளியை விட்டுவிட்டு அடித்தால் அடிக்கு ஒரு துடிப்பு, ஒரே இடத்தில் நீட்டிப் பிடித்தால் தாளம் தவறியது. மின்முனையை வைத்தும் துடிக்க வைக்கலாமே என்றால், மின்சாரத்துக்கு ஆள் அடையாளம் தெரியாது, பக்கத்திலிருக்கும் நரம்பையும் தசையையும் சேர்த்தே உலுக்கிவிடும். இங்கோ எந்த உயிரணுவுக்குள் அந்த மரபணு இயங்குகிறதோ அது மட்டும்தான் ஒளிக்குக் கட்டுப்படும், அந்த மரபணுவைப் பெயரில் விட்டுவிட்டால் பிறகு என்ன மிச்சம்? ஆகவே ஒளிமரபணுவியல். எண்ணிப் பார்த்தேன், இரண்டே எழுத்துதான் கூடுதல்.

இதைவிட என்னைக் குடைவது வேறொன்று. இந்த ஒரே பெயருக்குள் நேர் எதிரான இரண்டு கருவிகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். சேனல்ரோடாப்சின் ஒளியால் கட்டளை வாங்குகிறது. ஜிகாம்ப் (GCaMP) போன்ற புரதமோ ஒளியால் சேதி சொல்கிறது: ஜெல்லிமீனின் பச்சைப் புரதத்தை வெட்டி ஒட்டிச் செய்தது, உயிரணுவுக்குள் கால்சியம் ஏறினால் பளிச்சென்று ஒளிரும். ரத்தக்குழாயில் இது எவ்வளவு முக்கியம் என்று பாருங்கள். குழாயின் உள்பூச்சு உயிரணுக்களில் கால்சியம் ஏறினால் குழாய் தளர்ந்து விரியும், அதைச் சுற்றியிருக்கும் மென்தசையில் ஏறினால் சுருங்கும். எந்த அடுக்கு ஒளிர்ந்தது என்று தெரியாமல் வெறுமனே ‘கால்சியம் ஏறியது’ என்று எழுதுவதில் பயனே இல்லை.

எனவே முதல் வகைக்கு ஒளியேவி, இரண்டாவதுக்கு ஒளிர்காட்டி என்று வைக்கலாமா? ‘ஒளித்தூண்டி’ நன்றாக இருக்கிறதே என்று கேட்பவர்களுக்கு: அதே 2010இல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் ஹாலோரோடாப்சின் என்ற இன்னொரு புரதத்தை வைத்து ஒளி பாய்ச்சினார்கள், இதயம் நின்றது, ஒளியை அணைத்ததும் மறுபடி துடித்தது. நிறுத்தியதை எப்படித் தூண்டி என்பது? ஏவல் என்றால் ‘ஓடு’ என்பதும் ஏவல், ‘நில்’ என்பதும் ஏவல். பில்லி, சூனியம், ஏவல் என்று யாராவது சிரிக்கத்தான் செய்வார்கள், சிரிக்கட்டும், ஏவுகணைக்கு யாரும் சிரிக்கவில்லையே.

அப்புறம் ஒன்று. எந்த உயிரணுவில் மரபணு இயங்க வேண்டும் என்று பார்த்துக்கொள்ளும் டிஎன்ஏ துண்டான புரோமோட்டருக்குச் (promoter) சிலர் ‘ஊக்கி’ என்று எழுதுகிறார்கள். வேதியியல்காரர்கள் வினையூக்கியை வைத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். ‘தொடக்கி’ என்று ஒன்று தோன்றுகிறது, ஆனால் வாயில் ஒட்டவில்லை. வேறு சொல் இருந்தால் எழுதுங்கள், இந்த வாரத்துக்குள் கட்டுரையை முடித்தாக வேண்டும்.