பத்திரிகைக்கு ஆத்தங்குடி பார்டரும் வளவுப் படமும்: தெளிவா எங்கே கிடைக்கும்?

காரைக்குடி_லேஅவுட்: 5×7 இஞ்ச் கல்யாணப் பத்திரிகை. சுத்தி ஆத்தங்குடி தரைக்கல் டிசைன், பின்னாடி வளவுத் (செட்டிநாட்டு வீட்டு உள்முற்றம்) தூண் மங்கலா. கூகுள்ல எடுத்த படம் ஸ்கிரீன்ல பளிச்சுனு இருக்கு, புரூஃப்ல (மாதிரி அச்சுல) பிசிறடிக்குது. நல்ல படம் எங்கே எடுக்கலாம்?

ஆஃப்செட்_அண்ணாச்சி: மொதல்ல கணக்கைப் பாருங்க தம்பி. சுத்தி 3 மில்லிமீட்டர் பிளீட் (வெட்டுறப்ப போற ஓரம்) சேர்த்தா 300 டிபிஐ-க்கு (ஒரு இஞ்சுக்கு 300 புள்ளி) 1571×2171 பிக்சல் வேணும். தேடல்ல தெரியுற சின்னப் படத்தை சேவ் பண்ணாம, அது இருக்குற பக்கத்துக்குப் போய் ஒரிஜினல் சைஸை இறக்குங்க. சின்னதை இழுத்துப் பெருசாக்கினா பிக்சல்தான் பெருசாகும், விவரம் வராது. பார்ட்டி வாட்ஸப்ல அனுப்பினா டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க. போட்டோவா வந்தா சுருங்கிடும். இதையே 8×4 அடி ஃப்ளெக்ஸுக்கும் கேப்பாங்க. அதுக்கு 72 டிபிஐ போதும், ஆனா அதுவே 6912×3456 ஆயிடும்.

கோடும்_வண்ணமும்: தூணுக்கு விக்கிமீடியா காமன்ஸ்ல தேடுங்க, செட்டிநாட்டு வீடுகள் படம் இருக்கு. நிறைய சிசி பை-எஸ்ஏ (கிரியேட்டிவ் காமன்ஸ்) உரிமம்: எடுத்தவர் பேரையும் உரிமத்தையும் போடணும். மொய் கவர்ல கூட பேர் போட யோசிக்கிறவங்க பத்திரிகையில போடுவாங்களா? ஃப்ரீபிக் இலவசக் கணக்குலயும் இதே வம்பு. பேர் போடாம வேணும்னா அன்ஸ்பிளாஷ், பெக்சல்ஸ், பிக்சாபே.

பார்டருக்கு வெப்ல தேடவே வேணாம். கல்லையே படம் எடுத்து டிரேஸ் பண்ணுங்க, அதாவது கோட்டு வடிவமா மாத்துங்க. கண்ணாடி மேல வார்க்கிற கல், பளபளக்கும். ஃபிளாஷ் போட்டா நடுவுல வெள்ளைத் திட்டு விழும். லைட்டை அணைச்சிட்டு முற்றத்து வெளிச்சத்துல, ஸ்டூல் மேல நின்னு நேர் மேலேயிருந்து 2 மடங்கு ஜூம்ல எடுங்க. பக்கத்துல குனிஞ்சு எடுத்தா கல்லோட ஓரம் வளையும். பூ முழுசாக நாலு கல் தேவைப்படுற டிசைன்னா, நாலையும் சேர்த்து எடுங்க. ஒரு கல்லை மட்டும் எடுத்துத் திருப்பி ஒட்டுறப்ப, அது 90 டிகிரி சுத்துதா, கண்ணாடி மாதிரி மாறுதான்னு தெரியாம கொடி எதிர்ப்பக்கம் ஓடிடும்.

ஜிம்ப்ல (படம் திருத்துற மென்பொருள்) பெர்ஸ்பெக்டிவ் டூல் வச்சு சதுரமாக்குங்க. அப்புறம் இங்க்ஸ்கேப்ல (வரையுற மென்பொருள்) டிரேஸ் பிட்மேப், கலர்ஸ், 5 ஸ்கேன் (அஞ்சு கலர் அடுக்கு). அதுக்கு மேல கூட்டினா கல்லுல இருக்குற கறை, கீறல் எல்லாம் தனித்தனி வடிவமா வந்து நிக்கும். வெக்டர் (எவ்வளவு பெருசாக்கினாலும் பிசிறாத கோட்டு வடிவம்) ஆயிட்டா அதையே ஃப்ளெக்ஸுக்கும் போடலாம்.

காரைக்குடி_லேஅவுட்: ரொம்ப நன்றிண்ணே. கல்லோட நீலமும் பச்சையும் அப்படியே வருமா?

ஆஃப்செட்_அண்ணாச்சி: வராது, கொஞ்சம் மங்கும். சிஎம்ஒய்கே-க்கு (அச்சடிக்கிற நாலு மைக் கலர்) மாத்திப் பார்த்துட்டு அப்புறமா பார்ட்டிக்கு காட்டுங்க. போன் ஸ்கிரீன்ல ஓகே வாங்கிட்டா புரூஃப் அன்னைக்கு சண்டைதான். பேர், நாள், நேரம் எல்லாம் கே 100 (முழுக் கருப்பு மை) மட்டும் வைங்க. நாலு கலர்ல கருப்பு போனா, பிளேட் ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்துக்குப் பக்கத்துல நிழல் தெரியும்.