பக்கத்து மேசையிலிருந்து பறந்த நாற்காலி: உணவகத்திடம் நஷ்டஈடு கேட்க முடியுமா? உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்கள்

மணிக்கட்டு போனவன்:
வலது மணிக்கட்டில் பிளேட் வைத்து மூன்று நாள்தான் ஆகிறது. இடது கையால் தட்டுகிறேன், பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தோடு சாப்பிடப் போயிருந்தோம். மது பரிமாறும் இடம். பக்கத்து மேசையில் ஆறு பேர். முதலில் வெறும் சத்தம். அப்புறம் அவர்களில் ஒருவர் பின்மேசைக்காரரிடம் வம்பு இழுக்க ஆரம்பித்தார். பரிமாறுகிறவரிடம் சொன்னேன். “பார்த்துக்கிறோம் சார்” என்றார். அடுத்த ரவுண்டும் அதே மேசைக்குப் போயிற்று. பிறகு மேனேஜரிடமே எழுந்து போய்ச் சொன்னேன். தூரத்திலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, “ரெகுலர் கஸ்டமர் சார், இப்பக் கிளம்பிடுவாங்க” என்றார். கொஞ்ச நேரத்தில் நாற்காலி பறந்தது. குறி நான் இல்லை. பிள்ளை மேல் விழாமல் இருக்கக் கையை நீட்டினேன், அவ்வளவுதான்.

எறிந்தவர் கூட்டத்தோடு ஓடிவிட்டார். “அடிச்சது அவர், எங்களைக் கேட்டா எப்படி சார்?” என்கிறார் மேனேஜர். அவர் சொல்வது சரியா? யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

சினிமா பார்க்கப் போனவர்:
எனக்கு நடந்தது திரையரங்கில். படம் ஓடிக்கொண்டிருக்கிறது, எல்லோரும் அமைதியாகத்தான் இருந்தார்கள். திடீரென்று முன்வரிசையில் ஒருவர் எழுந்து பக்கத்தில் இருந்தவரை அறைந்தார். இருவரும் புரண்டு என் மேல் விழுந்ததில் முன்பல் இரண்டு போயிற்று. சண்டை தொடங்கி முடிய அரை நிமிடம்கூட ஆகவில்லை, அதற்குள் ஊழியர்களும் ஓடி வந்துவிட்டார்கள். வழக்கறிஞர் ஒரே கேள்விதான் கேட்டார்: “இதை அவர்கள் எப்படி எதிர்பார்த்திருக்க முடியும்?” என்னிடம் பதில் இல்லை. பல்லுக்கு என் காசுதான்.

பாரில் பவுன்சராக இருந்தவன்:
ஒன்பது வருடம் வாசலில் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். சண்டை திடீரென்று வந்தது என்று எழுதிக் கொடுப்பார்கள். பத்தில் எட்டு அப்படி வருவதில்லை. முதலில் குரல் உயரும், பிறகு ஒருவன் எழுந்து நிற்பான், சட்டைக் கையை மடிப்பான், கூட வந்தவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். அந்த மௌனம் வந்துவிட்டால் எங்களுக்கு ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை என்று அர்த்தம். செய்ய வேண்டியதை அதற்கு முன்பே செய்திருக்க வேண்டும்: அந்த மேசைக்குச் சரக்கை நிறுத்துவது, இரு தரப்பையும் பிரித்து உட்காரவைப்பது, மீறினால் வெளியேற்றுவது.

வெளியேற்றுவதிலும் ஒரு முறை உண்டு. நான் சேர்ந்த புதிதில் சண்டை போட்ட இரண்டு பேரையும் ஒரே வாசல் வழியாக ஒரே நேரத்தில் தள்ளிவிட்டேன். வாகன நிறுத்துமிடத்தில் இரண்டாம் பாகம் நடந்தது. ஒருவனுக்குத் தலையில் பதினோரு தையல். அதற்குப் பிறகு ஒரு தரப்பை முதலில் அனுப்பி, வண்டி கிளம்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்தவரை விடுவேன்.

நீங்கள் கேட்க வேண்டியது சம்பவ ரிஜிஸ்டர். ஒழுங்காக நடத்தும் இடங்களில் யார், எத்தனை மணிக்கு, என்ன புகார், என்ன செய்தோம் என்று எழுதுவோம். அந்த ரெகுலர் கஸ்டமரின் பெயர் அதில் முன்பே இருக்கிறதா என்று பாருங்கள். “ரெகுலர்” என்று மேனேஜர் சொன்னது உங்களுக்குத்தான் சாதகம். முன்பின் தெரியாத ஆள் என்று இனி அவர் சொல்ல முடியாது.

கருப்புக் கோட்டு:
நான் வழக்கறிஞர். எந்த நாட்டுச் சட்டம் உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியாமல் ஜெயிப்பீர்களா தோற்பீர்களா என்று சொல்ல மாட்டேன். அடித்தவர்தான் முதல் பொறுப்பாளி, அதில் எங்கும் சந்தேகம் இல்லை. இடத்துக்காரரைப் பிடிக்க மூன்றைக் காட்ட வேண்டும்: ஆபத்து வரும் என்று தெரிந்திருந்தது அல்லது தெரிந்திருக்க வேண்டும், நியாயமாகச் செய்யக்கூடியதைச் செய்யவில்லை, செய்திருந்தால் உங்களுக்கு அடி விழுந்திருக்காது. எல்லோரும் முதலாவதிலேயே நின்றுவிடுகிறார்கள், வழக்கு உடைவது பெரும்பாலும் மூன்றாவதில்.

ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 2009-இல் தீர்ப்பளித்த அடீல்ஸ் பேலஸ் வழக்கைப் பாருங்கள். சிட்னியில் புத்தாண்டு இரவு விருந்து. கைகலப்பில் அடிவாங்கிய ஒருவர் வெளியே போய்த் துப்பாக்கியோடு திரும்பி வந்து இருவரைச் சுட்டார். அந்த இடத்துக்குக் கவனக் கடமை, அதாவது வருகிறவர்களுக்கு ஆபத்து நேராமல் நியாயமான அளவுக்குப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு, உண்டு என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் துப்பாக்கியோடு துணிந்து வந்தவரை வாசல் காவலர்கள் தடுத்திருப்பார்கள் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிவிட்டது. காயம்பட்டவர்கள் தோற்றார்கள்.

நேர்மாறானது கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றத்தின் 2005 தீர்ப்பு, டிராக்ஸ் பார் வழக்கு. பாருக்குக் கணவரோடு வந்த ஒரு பெண், ஒரு கும்பல் முறைப்பதாக அங்கிருந்த காவலாளியிடம் சொல்கிறார். சண்டை வரப்போகிறது என்று காவலாளிக்கும் புரிகிறது. ஆனால் கும்பலைப் பிடித்துவைக்காமல் தம்பதியைக் கிளம்பச் சொல்கிறார், வண்டி வரை துணைக்கும் போகவில்லை. நிறுத்துமிடத்தில் கணவருக்கு அடி. பாருக்குக் கடமை இருந்தது என்று முடிவானது. உங்கள் கதை இதற்குப் பக்கத்தில் நிற்கிறது. பரிமாறுவதை நிறுத்துவதற்குப் பெரிய செலவோ படையோ தேவையில்லையே.

ஒரு கிளைச் செய்தி: அடித்தது வாடிக்கையாளராக இல்லாமல் அந்த இடத்துப் பவுன்சராகவே இருந்தால் கணக்கே வேறு. இங்கிலாந்தில் 2003-இல் மேட்டிஸ் எதிர் பொல்லக் வழக்கில், பவுன்சர் வீட்டுக்குப் போய்க் கத்தி எடுத்து வந்து வெளியே குத்தியதற்கும் முதலாளிதான் பொறுப்பு என்றார்கள்.

இன்றே ஒரு வேலை செய்யுங்கள். சிசிடிவி பதிவு சில வாரங்களில், சில இடங்களில் சில நாளிலேயே, தானாக அழிந்து மேலெழுதப்படும். பாதுகாத்து வைக்கச் சொல்லி எழுத்தில் கேளுங்கள், அனுப்பியதற்கு அத்தாட்சியும் வைத்துக்கொள்ளுங்கள். போலீஸ் புகார் தனி, நஷ்டஈடு தனி. ஒன்று கொடுத்ததால் இன்னொன்று போய்விடாது.

சிறு கஃபே நடத்துபவள்:
எல்லோரும் முதலாளியைத் தூக்கில் போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம். என் கடையில் நானும் இரண்டு பிள்ளைகளும்தான். ஆறடி ஆள் ஒருவர் கத்தினால் நான் போய்ச் சட்டையைப் பிடிக்க முடியுமா? போலீஸுக்குப் போன் போடலாம், பக்கத்து மேசைக்காரர்களை இடம் மாற்றலாம், அவ்வளவுதான். அந்த இரண்டையும் செய்யாத மேனேஜருக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை.

ஆனால் கடை வைத்திருப்பவர்கள் உங்கள் இன்ஷூரன்ஸ் பாலிசியை எடுத்துப் படியுங்கள். தரை வழுக்கி விழுந்தால் பணம் வரும், கைகலப்பில் வந்த காயத்துக்குக் கிடையாது என்று என்னுடையதில் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. நாலு வருடம் பிரீமியம் கட்டிய பிறகுதான் பார்த்தேன்.

விலக்கிவிடப் போனவர்:
என் வழக்கில் அந்த இடத்துக்காரர்கள் பொறுப்பு என்றுதான் முடிவானது, ஆனால் தொகையில் கால்வாசியைக் கழித்துவிட்டார்கள். காரணம் கேமராவில் தெரிந்தது: நான் “விலக்கிவிட” போகும்போது ஒருவனை நெஞ்சில் தள்ளியிருக்கிறேன். எனக்கு அது ஞாபகமே இல்லை. இன்றுவரை என் மனைவி அதைச் சொல்லிச் சிரிக்கிறாள்.

மணிக்கட்டு போனவன்:
எல்லோருக்கும் நன்றி. ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன்.

கேமரா பதிவு கிடைத்துவிட்டது, அன்றைக்கே கடிதம் அனுப்பியது நல்லதாயிற்று. பதிவில் சத்தம் இல்லை, அதனால் நான் மேனேஜரிடம் என்ன பேசினேன் என்பதற்கு அது உதவாது. கைகொடுத்தது என் மனைவி அவள் அக்காவுக்கு 8.52-க்கு அனுப்பிய வாட்ஸ்அப்: “பக்கத்து மேசைல சண்டை வரும் போல, இவர் ரெண்டு தடவ சொல்லிட்டார், யாரும் கண்டுக்கல.” நாற்காலி பறந்தது 9.14. நடுவில் அந்த மேசைக்கு இன்னொரு ரவுண்டு போயிருப்பதும் பதிவில் தெளிவாகத் தெரிகிறது.

மருத்துவச் செலவை மட்டும் தருகிறோம் என்று அவர்கள் தரப்பிலிருந்து பேச்சு வந்திருக்கிறது. வேலைக்குப் போகாத நாட்களின் சம்பளத்தையும் கேட்டிருக்கிறோம், பார்க்கலாம்.

ரிஜிஸ்டரையும் வாங்கினோம். அந்த இரவுக்கு ஒரே ஒரு வரிதான் எழுதியிருக்கிறார்கள்: “9.20. கண்ணாடி டம்ளர் 4, நாற்காலி 1 உடைந்தது.”