மகனுக்கு 18 ஆனதும் ஜீவனாம்சத்தை நிறுத்தலாமா?

வைகைக்கரை:
2017இல் குடும்ப நல நீதிமன்றத்தில் வாங்கிய எம்.சி. (ஜீவனாம்ச வழக்கு) உத்தரவு. மகன், மகள் இருவருக்கும் சேர்த்து மாதம் 14,000 ரூபாய். மகனுக்கு மே மாதம் 18 முடிந்தது, பி.இ. முதலாண்டு சேர்ந்திருக்கிறான். ஜூன் முதல் தந்தை 7,000 மட்டுமே போடுகிறார். மகன் மேஜர் ஆகிவிட்டான், அடுத்த வருடம் மகளுக்கும் நிறுத்திவிடுவேன் என்கிறார். இந்துக் குடும்பம்.

அவராகவே பாதியாகக் குறைக்கலாமா? மகனின் கல்லூரிச் செலவைக் கேட்க முடியுமா? மகளுக்கும் 18 வயதோடு முடிந்துவிடுமா?

தாழ்வாரம்:
உத்தரவின் கடைசிப் பத்தியை முதலில் படியுங்கள். "மேஜர் ஆகும் வரை" என்று இருந்தால் மகனின் பங்கு தானாக நின்றுவிடும். அப்படி எதுவும் இல்லாமல் இருவருக்கும் சேர்த்து ஒரே தொகையாக இருந்தால், அதைத் தானாகவே இரண்டாகப் பிரித்துக்கொள்ள அவருக்கு அதிகாரம் இல்லை. குறைக்க வேண்டுமென்றால் பி.என்.எஸ்.எஸ். என்ற புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 146இன் கீழ் (பழைய சட்டத்தில் 127) அவர்தான் மனுப் போட்டு உத்தரவை மாற்ற வேண்டும்.

ஆனால் மகன் விஷயத்தில் நம்பிக்கையை அளவோடு வையுங்கள். எம்.சி. போடும் 144ஆவது பிரிவில் (பழைய 125) 18 வயதுக்குப் பிறகும் கேட்கக்கூடிய பிள்ளை, உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைப் பராமரித்துக்கொள்ள முடியாதவர் மட்டுமே. காலேஜில் படிப்பது அந்தக் கணக்கில் வராது. 146 மனு வந்தால் மகனின் பங்கு கழியவே வாய்ப்பு அதிகம். ஆனால் சரிபாதிதான் கழிய வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதே பிரிவில் நீங்களும் மனுப் போட்டு, 2017இல் பள்ளிக் குழந்தையாக இருந்த மகளுக்கு இன்று ஆகும் செலவைக் காட்டி அவளுடைய தொகையை உயர்த்தக் கேளுங்கள். பலர் இதைக் கேட்காமலேயே விட்டுவிடுகிறார்கள்.

பாக்கி இருந்தால் தள்ளிப்போடாதீர்கள். ஒவ்வொரு மாதத் தொகைக்கும், அது கொடுக்கவேண்டிய நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட்டால்தான் வசூல் வாரண்ட் கிடைக்கும். "மொத்தமாகச் சேரட்டும்" என்று மூன்று வருடம் காத்திருந்தால் கடைசி 12 மாதத்துக்குத்தான் அந்த வழி. பத்து மாதத்துக்கு ஒரு முறை போட்டுவிடுவது பாதுகாப்பு. பணம் கட்டாததற்காக அவர் ஜெயிலுக்குப் போய்விட்டு வந்தாலும் கடன் தீராது, தொகை அப்படியே நிற்கும்.

நீலமலை:
மகளைப் பற்றி அவர் சொல்வது தவறு. இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம் 1956, பிரிவு 20(3)இன்படி திருமணமாகாத மகள், தன் சம்பாத்தியத்திலோ சொத்திலோ தன்னைப் பராமரிக்க முடியாத வரை பெற்றோரிடம் ஜீவனாம்சம் கேட்கலாம். அதற்கு வயது வரம்பு இல்லை. அதே சட்டத்தின் 3(b)படி நியாயமான திருமணச் செலவும் அதில் அடங்கும். மகனுக்கு இந்தச் சட்டத்திலும் மைனராக இருக்கும் வரைதான். இந்த வேறுபாடு படிக்கும் பையன்களுக்கு அநியாயம் என்பது என் எண்ணம், ஆனால் சட்டம் இன்று அப்படித்தான் இருக்கிறது.

சிக்கல் வருவது மனு எந்தப் பிரிவில் என்பதில். 2020இல் அபிலாஷா எதிர் பிரகாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது: 18 வயது முடிந்த, குறைபாடு எதுவும் இல்லாத மகள் 125ஐ வைத்துக் கேட்க முடியாது, 20(3)இன் கீழ் கேட்க வேண்டும். அதனால் பழைய எம்.சி.யையே நீட்டிக்கச் சொல்லிப் போனால் தள்ளுபடியாகலாம்.

செய்யவேண்டியது: 18 முடிந்த மாதமே குடும்ப நல நீதிமன்றத்தில் புது மனு. தாய் கார்டியனாகக் கையெழுத்திட முடியாது. மகள்தான் மனுதாரர், வக்காலத்தும் அவள் பெயரில். பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், போனஃபைடு (கல்லூரியில் படிப்பதற்கான சான்று), கல்லூரி மற்றும் ஹாஸ்டல் ரசீதுகள் வேண்டும். கூடவே இடைக்கால ஜீவனாம்சத்துக்கு ஒரு ஐ.ஏ. (இடைக்கால மனு). சொத்து, வருமான, கடன் விவரப் பிரமாணப் பத்திரத்தை இரு தரப்பும் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா தீர்ப்பு வகுத்திருக்கிறது. ஜீவனாம்சம் மனுத் தேதியிலிருந்து என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது. ஆறு மாதம் தாமதித்தால் அந்த ஆறு மாதப் பணம் போனதுதான்.

தாய் போதுமான அளவு சம்பாதித்தால் படிப்புச் செலவை இருவருக்கும் விகிதப்படி பிரிப்பார்கள். அதை மறைத்தால் மொத்த மனுவின் நம்பகத்தன்மையும் கெடும்.

வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச உதவி உண்டு.

வைகைக்கரை:
நன்றி. விவாகரத்து பரஸ்பர சம்மதத்தில் நடந்தது. அந்தக் கூட்டு மனுவில் "பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தந்தை ஏற்பார்" என்று ஒரு பத்தி இருக்கிறது. இது உதவுமா?

தாழ்வாரம்:
இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும்! மகனுக்கு இருக்கும் பலமான வழி இதுதான். சட்டம் 18இல் நிறுத்தினாலும், தந்தையே ஒப்புக்கொண்டு அது டிக்ரியில் (நீதிமன்றத் தீர்ப்பாணையில்) ஏறியிருந்தால் இ.பி. (அதை நிறைவேற்றக் கேட்கும் மனு) போட்டு வசூலிக்கலாம், சம்பளத்தையும் ஜப்தி செய்யலாம். சிவில் டிக்ரி என்பதால் இங்கே காலவரம்பு 12 ஆண்டு, வாரண்டுக்கான ஒரு வருடக் கணக்கு கிடையாது.

பார்க்கவேண்டியது ஒன்று. அந்தப் பத்தி மனுவில் இருந்தால் மட்டும் போதாது, டிக்ரியின் பாகமாகவும் இருக்க வேண்டும். உடனே டிக்ரியின் சான்றிட்ட நகலுக்கு மனுப் போடுங்கள். தவறுதலாக விட்டுப்போயிருந்தால் சிவில் நடைமுறைச் சட்டம் 152இன் கீழ் திருத்தக் கேட்கலாம்.

தொகை எழுதாத வாசகம் என்பதால் எதிர்த்தரப்பு "எந்தப் படிப்பு, எவ்வளவு" என்று இழுக்கும். மேனேஜ்மென்ட் கோட்டா சீட் என்றால் "என்னைக் கேட்டா சேர்த்தீர்கள்" என்பார்கள். கட்டண ரசீதுகளோடு பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு, அதற்குப் பிறகு இ.பி. போடுங்கள்.

நீலமலை:
2021இல் சந்திரசேகர் எதிர் ஸ்வப்னில் வழக்கில் உச்ச நீதிமன்றம், மகனின் ஜீவனாம்சத்தை 18இல் நிறுத்தாமல் முதல் பட்டப் படிப்பு முடியும் வரை நீட்டியது. வாதத்தில் அவசியம் காட்டுங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பிப் போகாதீர்கள். இது அந்த வழக்கின் நிலவரத்தை வைத்துத் தந்த உத்தரவு என்று எதிர்த்தரப்பு வாதிடும்.

இப்போது சம்மத மனு எழுதுகிறவர்களுக்கு: "படிப்பு முடியும் வரை" என்று மொட்டையாக எழுதாதீர்கள். அரியர் வைத்தால் எப்போது முடிந்ததாகக் கணக்கு, எம்.இ. சேர்ந்தால் என்ன என்று அதிலேயே சண்டை வரும். "முதல் இளநிலைப் பட்டம் வரை, அதிகபட்சம் 23 வயது; கட்டணம் நேரே கல்லூரிக் கணக்கில், ஒவ்வொரு பருவத்துக்கும் கடைசித் தேதிக்கு 10 நாள் முன்பு; மாதத் தொகையில் ஆண்டுக்கு 8 சதவீத உயர்வு" என்று எண்களோடு எழுதச் சொல்லுங்கள்.