எஃப்ளுவன்ட்: தெளிநீரா, தெளிகழிவா?

> செப்டிக் தொட்டியை விட்டு வெளியேறும் எஃப்ளுவன்டைத் "தெளிநீர்" என்றே எழுதலாமே? சின்னச் சொல், கேட்டவுடன் விளங்கும்.

ஐயா, வணக்கம்.

சொல் அழகானதுதான். ஆனால் நுவரெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் குழாய்வாய்க்கு அருகே அப்படி எழுதிவைத்தால், அடுத்த வாரமே அந்தத் தண்ணீர் லீக்ஸ் பாத்திக்குத் திரும்பிவிடும். கண்ணுக்குத்தான் அது தெளிவு. நன்றாகக் கட்டிய தொட்டியிலும் திண்மங்களில் பாதிக்குச் சற்று மேல்தான் தங்கும். நெருப்புக்காய்ச்சல், செங்கண்மாரிக் கிருமிகள் பெரும்பாலும் தப்பி வெளியே வரும். உள்நாட்டு நீர்நிலைகளில் விடும் கழிவுக்கு இலங்கையில் உள்ள பொது வரம்பு லீட்டருக்கு 30 மில்லிகிராம் பிஓடி (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஒட்சிசன் அளவு); தொட்டியிலிருந்து வருவதில் அது சாதாரணமாக 100ஐத் தாண்டும்.

எனவே "கழிவு" என்பது சொல்லிலேயே நிற்க வேண்டும். நம் கலைச்சொற் பட்டியலுக்கு என் முன்மொழிவு: தெளிகழிவு. வினைத்தொகை, ஆகவே 'க்' மிகாது. தெளிந்த, தெளிகின்ற, தெளியும் என மூன்று காலமும் அதில் அடங்கும். வேலை இன்னும் முடியவில்லை என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

> சரி. அப்படியானால் தொட்டிக்குள் இருப்பவற்றுக்கு? "கசடு" போதாதா?

போதாது, ஐயா. மேலே மிதப்பதையும் அடியில் படிவதையும் "கசடு" பிரித்துக் காட்டாது. சமையலறையில் சொல் இருக்கிறது: மேலே ஏடு, அடியில் மண்டி. இரண்டையும் அளக்காமல் தொட்டியைப் பராமரிக்க முடியாது. நீண்ட கம்பில் வெள்ளைத் துவாயைச் சுற்றி, மெல்ல அடிவரை இறக்கி, சில நிமிடம் அசைக்காமல் வைத்து எடுத்தால், கறுப்பாக ஊறிய உயரம்தான் மண்டி. ஏடும் மண்டியும் சேர்ந்து நீராழத்தில் மூன்றில் ஒரு பங்கைப் பிடித்துவிட்டால் கழிவை உறிஞ்சும் பவுசர் வண்டியை அழைக்க வேண்டும். மலைநாட்டுக் குளிரில் மண்டி மெதுவாகத்தான் செரிக்கும். கொழும்புக்குச் சொல்லும் இடைவெளியை இங்கே நம்பக்கூடாது.

அடிக்கடி காணும் பிழை, நீர் வெளியேறும் வாயில் டீ, அதாவது T வடிவக் குழாய், போடாமல் விடுவது. (டீயை மொழிபெயர்க்க வேண்டாம், மேசன்மார் எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள்.) அதன் கீழ்க்கால் ஏட்டுக்குக் கீழே இறங்கி நிற்காவிட்டால் ஏடு நேரே அடுத்த கட்டத்துக்குப் போய்விடும். இன்னொன்று, லயத்துக் (தோட்டத் தொழிலாளர் வரிசைவீட்டுக்) கூரைப் பீலியைத் தொட்டியோடு இணைப்பது: ஒரு பெருமழை போதும், மண்டி கிளம்பி வெளியே பாயும். 20 குடும்பம், 80 பேர், ஆளுக்கு நாளொன்றுக்கு 80 லீட்டர் என்றால் 6,400 லீட்டர். ஒரு நாள் தங்க அவ்வளவு கொள்ளளவு, மண்டிக்கு அதற்கு மேல் இடம். மழைநீருக்கு அங்கே இடமில்லை.

> அந்த அடுத்த கட்டத்தைக் "கட்டமைக்கப்பட்ட ஈரநிலம்" என்று எழுதுகிறார்கள்.

நாக்கில் நிற்காது. கல்வாழை நட்ட சரளை வழியே தெளிகழிவு ஊர்ந்து போவதால் கல்வாழைப் படுகை என்போம். சுமார் 60 சென்ரிமீற்றர் ஆழச் சரளை, நுழைவாயில் பெரிய கல், நீர்மட்டம் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே. ஏடு தப்பி வந்தால் முதலில் அடைபடுவது நுழைவாய்தான். பிறகு தண்ணீர் மேலே தேங்கி நாறும். படுகை பிஓடியை நன்றாகக் குறைக்கும். பொஸ்பரஸைக் குறைப்பது குறைவு, சரளை பழையதாக ஆக இன்னும் குறையும். நானு ஓயா என்ற ஆற்றில் சேர்வது கொத்மலை ஓயா வழியே மகாவலிக்குப் போகிறது, இடையில் நீர்த்தேக்கங்களில் தங்கிப் பாசிக்கு உரமாகிறது. ஹட்டன் பக்கத்துக் கழிவோ களனிக்கு இறங்குகிறது. கொழும்பு குடிப்பது அந்த ஆற்றைத்தான்.

> குளிப்பு, பாத்திரம் கழுவிய நீருக்குச் "சாம்பல்நீர்" சரியா?

ஆங்கிலத்துக் "கிரே வாட்டர்" என்பதன் நிழல், ஐயா. லயத்தில் கான் (வடிகால்) தண்ணி என்கிறார்களே, அதையே "கான்நீர்" என்று பட்டியலில் ஏற்றுவோமா?