புதுப்பிப்பு: ஊசி போட்டும் ஆன்டிபாடி நெகட்டிவ்

எனக்கு நாள்பட்ட லிம்ஃபோசைட்டிக் லுக்கேமியா என்ற ரத்தப் புற்றுநோய், கோவிஷீல்டு கோவிட் ஊசி இரண்டு டோஸ் போட்டும் ஸ்பைக் ஆன்டிபாடி (வைரஸின் மேல் இருக்கும் முள் புரதத்துக்கு எதிரானது) 0.4-க்குக் கீழே, அதாவது நெகட்டிவ், அப்போ ஊசி வீண்தானா என்று முன்பு கேட்டிருந்தேன் இல்லையா, செங்கோட்டையிலிருந்து மலை தாண்டித் திருவனந்தபுரம் போய் டாக்டரிடமே கேட்டுவிட்டேன்.

வீண் இல்லையாம். ஆன்டிபாடியை உண்டாக்கும் வேலை பி செல்கள் என்ற வெள்ளை அணுக்களுடையது, நம் நோயே அதில்தான், போதாததற்கு பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் மருந்து ஏற்றியிருந்தால் பல மாதங்களுக்கு எதிர்வினை படுத்தே கிடக்கும். டி செல்கள் என்ற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள் தனியாக வேலை செய்யலாம், ஆனால் அது இந்த டெஸ்டில் தெரியாது. அதற்காக மாஸ்க்கைக் கழற்றிவிடாதீர்கள் என்றும் சொன்னார்.

என் கேள்விக்குக் கீழே "எனக்கு ஆன்டிபாடி நல்ல பாசிட்டிவ்" என்று எழுதிய புனலூர் சேட்டனுக்கு: நீங்கள் இம்யூனோகுளோபுலின் ஏற்றுகிறவர். அது ஊரார் ரத்ததானத்தில் வந்த ஆன்டிபாடி, கடன் வாங்கிய நகை மாதிரி, உங்கள் உடம்பு செய்தது என்று சொல்ல முடியாது.

நியூக்ளியோகேப்சிட் டெஸ்ட் (வைரஸின் உள்ளே இருக்கும் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடியைப் பார்ப்பது) வேறு சங்கதி. கோவிஷீல்டு ஸ்பைக்கை மட்டும் உடம்புக்குக் காட்டுவதால், இது பாசிட்டிவ் என்றால் பெரும்பாலும் தொற்று வந்துபோயிருக்கிறது. கோவாக்சின் ஊசியில் இருப்பது செயலிழக்கச் செய்த முழு வைரஸ், அங்கே இந்தக் கணக்கு செல்லாது. அப்புறம், ஒரு லேப் எண்ணை இன்னொரு லேப் எண்ணோடு ஒப்பிடாதீர்கள், அலகே வேறு.

எனக்கு அடுத்த டோஸ் போடச் சொல்லியிருக்கிறார். காய்ச்சல் வந்தால் ஆன்டிபாடி எண்ணைப் பார்க்காமல் உடனே கோவிட் டெஸ்ட், ஏனென்றால் ஆன்டிவைரல் மாத்திரையை அறிகுறி வந்த 5 நாளுக்குள் தொடங்கணும்.