விளக்கு எரிந்தும் ஆள் தெரியவில்லை, ஏன்?

கேள்வி: எங்கள் பேருந்து நிறுத்தம் எதிரே சாலையைக் கடக்கும் வரிக்கோடும் (ஜீப்ரா கிராசிங்) உண்டு, விளக்கும் எரிகிறது. ஆனாலும் நேற்று ராத்திரி அம்மா கடக்கும்போது ஒரு கார் மயிரிழையில் நின்றது. ஓட்டியவர் "ஆளே தெரியலைங்க" என்கிறார். எப்படி?

பதில் 1: விளக்குக் கம்பம் எந்தப் பக்கம் என்று பாருங்கள். வரிக்கோட்டைத் தாண்டி இருந்தால் வெளிச்சம் ஆளுக்குப் பின்னால் விழும், ஓட்டுபவருக்கு வெறும் கறுப்பு உருவம்தான். வண்டி வரும் பக்கம், கோட்டுக்குச் சற்று முன்னால் இருக்க வேண்டும். இருவழிச் சாலை என்றால் இரண்டு பக்கமும்.

பதில் 2: அப்புறம் வேகம். 60 கி.மீ.யில் வரும் வண்டி பிரேக்கை மிதிக்க யோசிக்கும் ஒரு நொடியிலேயே 17 மீட்டர் ஓடிவிடும். அம்மா கையில் டார்ச் கொடுங்கள். சென்னை என்றால் கம்ப எண்ணோடு மாநகராட்சிப் புகார் எண் 1913க்குச் சொல்லுங்கள்.

கேட்டவர்: போய்ப் பார்த்தேன். கம்பம் தாண்டித்தான் இருக்கிறது, வேப்பங்கிளை வேறு பாதி விளக்கை மூடியிருக்கிறது.